ஒரு மில்லிமீட்டரின் நயம்

ஹெட் கேஸ்கட்டை நாம் பெரும்பாலும் செத்த பிறகுதான் பார்க்கிறோம். பட்டறைச் சுவரில் கரி பிடித்து, ஒரு ஓரம் அரித்துப்போய், ஆணியில் மாட்டிக் கிடக்கும். புதியதை உறை பிரித்துக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் குறைவு. கார் ஓட்டுகிறவர்கள் ஒருமுறையாவது வாங்கிப் பார்க்க வேண்டிய பொருள் அது. நான்கு பெரிய வட்டங்கள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள். சில தண்ணீருக்கு, சில ஆயிலுக்கு, சில போல்ட்டுக்கு. கண்ணுக்கு நேரே படுக்கை வாட்டில் பிடித்தால் வெறும் கோடுதான் தெரியும். தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி, சற்று முன்னே பின்னே. வட்டத்தின் விளிம்பை நகத்தால் மெல்ல வருடினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். ரசிக்க வேண்டிய இடம் அந்த மேடுதான். அதற்கு முன் தகட்டின் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம்.

பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் கீழே பிளாக்கில் இருக்கின்றன. வால்வும் ஸ்பார்க் பிளக்கும் மேலே ஹெட்டில். இரண்டும் சந்திக்கும் தளத்தை நெருப்பு, தண்ணீர், ஆயில் என்று மூன்று பேர் கடந்து போகிறார்கள். நெருப்பு 2,000 டிகிரிக்கு மேல். விரலகலம் தள்ளி ஓடும் கூலண்ட் 90 டிகிரி. சில இன்ஜின்களில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பாலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தகட்டின் உத்தியோகம்.

கேஸ்கட் என்றால் நம் வீடுகளில் முதலில் குக்கர் கேஸ்கட்தான் ஞாபகம் வரும். குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் அதிக அழுத்தம் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஓரளவு முறுக்கான டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவதும் கிட்டத்தட்ட அதே ஒரு பாரில்தான். பூஸ்ட் என்பது இதைத்தான். ஆனால் அது வாசல் கணக்கு. உள்ளே போன காற்றைப் பிஸ்டன் நசுக்கி, பெட்ரோல் பற்றிக்கொண்டதும் கணக்கே வேறு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் உச்ச அழுத்தம் 50 முதல் 70 பார் வரை. டர்போ வைத்தால் 100 பாரைத் தொடும், தாண்டவும் செய்யும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 100 பார் என்றால், ஹெட்டை மேல்நோக்கித் தூக்கும் விசை ஐந்து டன். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது இந்த ஐந்து டன் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 தடவை வந்து அறைகிறது.

ஒவ்வொரு அறைக்கும் ஹெட் உண்மையிலேயே தூக்கிக்கொடுக்கிறது. அத்தனை போல்ட் போட்டு இறுக்கிய பிறகும் மைக்ரான் கணக்கில் எழும்பி, திரும்பவும் உட்காருகிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. தகட்டுக்குத் தெரியும். ஹெட் எழும்பும்போது கூடவே எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். அமரும்போது கூடவே அமுங்க வேண்டும். ஆகவே கேஸ்கட்டுக்குத் தேவையான முதல் குணம் வில்லுக்குரியது. அமுக்கினால் அமுங்கி, விட்டால் திரும்பி வர வேண்டும்.

பழைய தலைமுறை கேஸ்கட்டுகளில் இந்தக் குணம் குறைவு. துளையிட்ட எஃகுத் தகட்டின் இருபுறமும் கல்நார் ஒட்டியிருக்கும். பிற்காலத்தில் கல்நாருக்குப் பதில் கிராஃபைட். சிலிண்டரைச் சுற்றி மடித்துவிட்ட உலோக வளையம் ஒன்று. இவை அமுங்கும், மேடு பள்ளத்தைத் தாராளமாக நிரப்பிக்கொள்ளும், ஆனால் அமுங்கியது அமுங்கியதுதான், முழுசாகத் திரும்பாது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஹெட் இறக்கிப் பூட்டிய வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லி, போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கினார்கள்.

இன்றைய டர்போ இன்ஜினுக்குள் இருப்பது பல அடுக்கு எஃகுக் கேஸ்கட். மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து மெல்லிய தகடுகள். வெளி அடுக்குகள் வில்லுக்குப் பயன்படும் கடின ஸ்டெயின்லெஸ் எஃகு. சிலிண்டரைச் சுற்றி அந்த எஃகில் ஒரு முழு மேடு அச்சடித்திருப்பார்கள். நகத்தில் தட்டுப்பட்டது அதுதான். தண்ணீர், ஆயில் துளைகளைச் சுற்றி முழு மேடு கிடையாது; ஒரு பக்கம் மட்டும் சரியும் அரை மேடு. தண்ணீரைத் தடுக்க அரை மேடு போதும், நெருப்புக்குத்தான் முழுசு. எங்கே எவ்வளவு பலம் வேண்டுமோ அங்கே அவ்வளவு மட்டும் என்கிற இந்தச் சிக்கனத்தை நான் மிகவும் ரசிப்பேன்.

அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. வில் போன்ற மேட்டைப் போல்ட் விசையில் அடியோடு நசுக்கிவிட்டால், திரும்பத் திரும்ப வளைந்து ஒரு நாள் வெடித்துவிடும். அதற்காகச் சிலிண்டர் ஓரத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதிகத் தடிப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பு அடுக்கு அது. மேடு இதற்குமேல் அமுங்காதபடி தாங்குவது அதன் ஒரு வேலை. போல்ட்டுகளின் பலத்தையெல்லாம் நெருப்பு இருக்கும் விளிம்புக்கே இழுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. பத்தில் ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு பல டன் விசை எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மேலே மைக்ரான் கணக்கில் ரப்பர் பூச்சு ஒன்று இருக்கிறது. அதற்கும் இரண்டு வேலை. உலோகப் பரப்பின் மிக நுண்ணிய கீறல்களை நிரப்புவது தெரிந்ததே. மற்றது வழுக்கிக் கொடுப்பது. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீள ஹெட்டைத் தடையில்லாமல் விட்டால், 80 டிகிரி சூடேறும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். பிளாக் அதில் பாதிதான் நீளும். காலையில் வண்டி எடுக்கும்போதும் இரவு நிறுத்தும்போதும் ஹெட் இந்தத் தகட்டின்மேல் பக்கவாட்டில் நகரப் பார்க்கிறது. பழைய வகை கேஸ்கட் இந்த உரசலில் நாளாவட்டத்தில் கிழியும். எஃகு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விட்டுக்கொடுக்கும்.

இந்தக் கெட்டிக்காரத் தகட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது உட்காரும் பரப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கிராஃபைட் வகை கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். எஃகு வகைக்குப் பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருந்தால்தான் மரியாதை. ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி ஃபேசிங் போடுவது வளைவை எடுக்க மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வளைவு எடுத்த பிறகு மிஞ்சும் கோடுகளின் ஆழம்தான் டர்போ இன்ஜினில் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒட்டிக்கிடக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்ட, அவசரத்துக்கு கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்க்கும் பழக்கம் எங்கும் உண்டு. பார்க்கப் பளபளக்கும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஆகவே வட்டு தேய்த்த இடமெல்லாம் ஆழமில்லாத குழி. போதாக்குறைக்கு உப்புத்தாளின் பொடி ஆயில் வழியில் இறங்கிப் பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் கொஞ்சம் பொறுமையும் போதும் இந்த வேலைக்கு.

போல்ட்டுக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் ஹெட் கேஸ்கட் கதையின் நாயகன் போல்ட்தான். தகட்டுக்கு இரண்டாம் இடமே.

போல்ட்டை நாம் ஆணிக்கு அண்ணன் என்று நினைக்கிறோம். இன்ஜினுக்குள் அது ஒரு ஸ்பிரிங். பத்து சென்டிமீட்டர் நீள ஹெட் போல்ட்டை முறையாக இறுக்கினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. அந்த நீட்சி சுருங்கப் பார்க்கும் விசைதான் ஹெட்டைப் பிளாக்கோடு அமுக்கிப் பிடிக்கிறது. ஆக, மெக்கானிக் உண்மையில் செய்ய வேண்டியது போல்ட்டை அளவாக நீட்டுவது. அவர் கையில் இருப்பதோ திருகும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச். இரண்டுக்கும் நடுவே உராய்வு என்று ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் தேய்ந்துபோகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையில். போல்ட்டை நீட்டப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தாலும், ஆயில் தடவ மறந்தாலும் தரகர் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், போல்ட் நீண்டிருக்காது. ஆயிலை அள்ளி ஊற்றினாலும் ஆபத்து: அடி மூடிய துளைக்குள் ஆயில் தேங்கினால் போல்ட் அதன்மேல் போய் முட்டும், ரெஞ்ச் ஏமாறும், சமயத்தில் பிளாக்கே விரிசல் விடும்.

இந்தத் தரகரை ஒதுக்கக் கண்டுபிடித்த வழி அழகானது. முதலில் ஒரு சிறு முறுக்கில் எல்லாப் போல்ட்டையும் உட்கார வைக்கிறார்கள். அதன்பிறகு விசையை அளப்பதில்லை, கோணத்தை அளக்கிறார்கள். 90 பாகை திருப்பு, எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து இன்னொரு 90 பாகை. மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்றால் கால் சுற்றுக்கு 0.31 மில்லிமீட்டர் இறங்கியே தீர வேண்டும். துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வடிவக்கணிதம் பொய் சொல்லாது. நவீன இன்ஜின்களில் பல போல்ட்டுகளை இப்படித் திருப்பி, மீள முடியாத நீட்சியின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்த வாசலில் ஒரு சௌகரியம்: இன்னும் கொஞ்சம் நீண்டாலும் இழுவிசை பெரிதாகக் கூடாது. அலுமினிய ஹெட் சூட்டில் பருத்துப் போல்ட்டை மேலும் இழுத்தாலும் பிடி கிட்டத்தட்ட ஒரே நிலையில் நிற்கும், எல்லாப் போல்ட்டும் ஒரே பலத்தில் நிற்கும். விலை ஒன்று உண்டு. அந்தப் போல்ட்டை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போகும் வரிசை எதற்கு என்பதும் இங்கேதான் புரியும். ஓரங்களை முதலில் இறுக்கிவிட்டால் நடுவில் உள்ள புடைப்புக்கு ஓட வழியில்லை.

போல்ட் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டொயோட்டாவின் 7எம்-ஜிடிஇ இன்ஜின்தான் சாட்சி. 1986இல் வந்த மூன்றாம் தலைமுறை சூப்ராவுக்கான டர்போ இன்ஜின் அது. மூன்று லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்புப் பிளாக், நீளமான அலுமினிய ஹெட். விரிவின் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும் வடிவம் என்பது மேலே சொன்ன கணக்கிலேயே விளங்கும். அதன் தொழிற்சாலைக் கையேட்டில் ஹெட் போல்ட்டுக்குச் சொல்லியிருந்த முறுக்கு சுமார் 78 நியூட்டன் மீட்டர். மற்றபடி திடகாத்திரமான இன்ஜின், ஊரெங்கும் கேஸ்கட் போகும் இன்ஜின் என்று பெயரெடுத்தது. கல்நார் கேஸ்கட்டை நீக்கியபோது எண்ணைத் திருத்த மறந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் மத்தியில் ஒரு கதை உலவும். கதையை விடுவோம். அதைச் செப்பனிட்டவர்கள் செய்ததில் பெரிய மந்திரம் இல்லை. பரப்பைச் சீராக்கி, எஃகு அடுக்குக் கேஸ்கட் வைத்து, போல்ட்டுக்குப் பதில் நல்ல ஸ்டட் போட்டு, முறுக்கை 100 நியூட்டன் மீட்டர் பக்கம் கொண்டுபோனார்கள். அதன்பிறகு அதே இன்ஜின் தொழிற்சாலை கொடுத்ததைவிட அதிகப் பூஸ்ட்டை நிம்மதியாகத் தாங்கியது. இருபது சொச்சம் நியூட்டன் மீட்டரில் ஒரு இன்ஜினின் நற்பெயர் போயிருக்கிறது.

அப்படியானால் போல்ட்டுகளைக் கூட்டினால் போதாதா? இதற்கு அமெரிக்காவில் ஒரு சுவையான பதில் கிடைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 215 கன அங்குல அலுமினிய வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் ப்யூக் பிரிவு ஒரு சிலிண்டரைச் சுற்றி ஐந்து போல்ட் வைத்தது. ஓல்ட்ஸ்மொபீல் பிரிவின் பொறியாளர்கள் அதே இன்ஜினில் ஆறு வைத்தார்கள், அதிக அழுத்தத்தில் ஹெட் வளையக்கூடாது என்று. 1962இல் அவர்கள் அதில் டர்போ வைத்து ஜெட்ஃபயர் காரை விற்றபோது காரணம் விளங்கியது. ஆஸ்திரேலியாவின் ரெப்கோ 1966இல் ஜாக் பிரபாமுக்கு ஃபார்முலா ஒன் இன்ஜின் கட்ட எடுத்ததும் இந்த ஓல்ட்ஸ்மொபீல் பிளாக்கைத்தான். பிரபாம் அந்த ஆண்டு உலகச் சாம்பியன். ஆறு ஜெயித்தது.

ப்யூக்கின் ஐந்து போல்ட் வடிவம் இங்கிலாந்துக்குப் போய் ரோவர் வி8 ஆனது. அதில் ஒவ்வொரு ஹெட்டிலும் 14 போல்ட். வெளி ஓர வரிசையில் இருந்த நான்கு போல்ட்டுகள், சிலிண்டரை அமுக்குவதற்குப் பதில் ஹெட்டை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் பிடி தளர்ந்தது. 1990களில் அந்த நான்கையும் நீக்கிவிட்டுப் பத்தோடு நிறுத்தினார்கள். சீல் மேம்பட்டது. ஒரு இன்ஜினில் கூட்டியதும் அதன் சொந்தக்கார இன்ஜினில் குறைத்ததும் ஒரே காரணத்துக்காக. விசை வட்டத்தைச் சுற்றிச் சமமாக விழ வேண்டும், அவ்வளவே.

தகடும் போல்ட்டும் சரியாக இருந்தும் கேஸ்கட் போகிறதென்றால், குற்றவாளி நெருப்புக்குள்ளேதான் ஒளிந்திருப்பான். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டிய நெருப்பு, கடைசியில் மிஞ்சிய கலவையை அடைவதற்கு முன்பே அது சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துவிடுகிறது. அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்புகின்றன. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் இந்த ஓசையின் சுருதி நொடிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் அதிர்வு. சாதாரண எரிதலில் ஏறி இறங்கும் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்த மேட்டின்மேல் இந்த அடி விழுகிறது. டர்போவில் இதற்கு வாய்ப்பு ஏன் அதிகம்? 30 டிகிரி காற்றை ஒரு பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால் சாதாரண டர்போவிலிருந்து அது 120 டிகிரி தாண்டி வெளிவரும். ரேடியேட்டருக்கு முன்னே அடக்கமாக நிற்கும் இன்டர்கூலர் அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வெளியே கொட்டிவிட்டுத்தான் காற்றை உள்ளே அனுப்புகிறது. அதன் இறக்கைகளுக்கு நடுவே அடைந்த மண்ணைக் கழுவிவிடுவதும் கேஸ்கட் வைத்தியம்தான்.

ஜெட்ஃபயரில் இன்டர்கூலர் இல்லை. 10.25க்கு ஒன்று என்ற துணிச்சலான அமுக்க விகிதம் வேறு. அதற்கு அவர்கள் வைத்த ஏற்பாடு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளிப்பது. டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்று கம்பீரமான பெயர். திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், நாக்கிங் அடங்கும். தொட்டி காலியானால் பூஸ்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. எல்லாம் யோசித்தவர்கள், தொட்டியை நிரப்ப வேண்டியவர் மனிதர் என்பதை மட்டும் குறைவாக யோசித்தார்கள். பலர் நிரப்பவில்லை. கடைசியில் நிறைய வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பூட்டினார்கள்.

ஸ்வீடனின் சாப் நிறுவனம் மனிதரை நம்பவில்லை. 1977இல் 99 டர்போவைக் காட்டிய அந்த நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் 900 டர்போவில் ஒரு காதைப் பொருத்தியது. பெர் ஜில்பிராண்ட் என்ற பொறியாளரின் வேலை அது. பிளாக்கில் திருகிய உணரி நாக்கிங் சுருதியை மட்டும் கேட்கும். கேட்டதும், டர்போவைச் சுழற்றும் புகையை ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட் திறந்து பூஸ்ட் குறையும். ஓசை அடங்கியதும் பழையபடி ஏறும். மட்டமான பெட்ரோல் ஊற்றினால் பலம் குறையும், இன்ஜின் பிழைக்கும். இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தயாராகும் ஒரு லிட்டர் டர்போ கார்கள்வரை எல்லாவற்றிலும் அந்தக் காதின் வாரிசு உட்கார்ந்திருக்கிறது.

காது கேட்பதற்குள் காரியம் முடிந்துவிடும் ஒரு வகையும் உண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் சிறிய டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதிக்கும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிறது. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளிக்கு இதில் பங்குண்டு. ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டு, அதில் ஒரு பகுதியை மெக்னீசியமாக மாற்றினார்கள். 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது. முதலில் உடைவது பெரும்பாலும் பிஸ்டன்தான் என்றாலும், அந்த அழுத்தத்தில் கேஸ்கட்டும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆயில் டப்பாவின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்தைப் படிப்பதும், மேம்பாலம் ஏறும்போது ஐந்தாவது கியரிலேயே மிதிக்காமல் ஒன்றைக் குறைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

கூலண்ட்டைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அதன் மூடி ஒரு பாருக்குச் சற்று மேல் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் கொதிநிலை 120 டிகிரிக்கு ஏறுகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் முதலில் ஆவிக் குமிழ் கிளம்பும், குமிழ் இருக்கும் இடத்தில் உலோகம் குளிராது, ஹெட் வளையும். பழைய கூலண்ட் அமிலமாகி எஃகைத் தின்னும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து வழியே அடைபடும். வெள்ளைப் புகை, ரிசர்வாயரில் குமிழ், காரணமில்லாமல் குறையும் தண்ணீர் என்ற அறிகுறிகள் வந்துவிட்டால் தடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இத்தனை நயமும் வேண்டாம், கேஸ்கட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆஃபன்ஹவுஸர் பந்தய இன்ஜினில் ஹெட்டும் சிலிண்டர்களும் ஒரே வார்ப்பு. பிரிப்பதற்கு இடமே இல்லாததால் கசிவதற்கும் இடமில்லை. டர்போ வந்தபோது அந்தப் பழைய இன்ஜினுக்கு இது மறுபிறவி கொடுத்தது. 1968இல் பாபி அன்ஸர் டர்போ ஆஃபன்ஹவுஸரில் இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தை வென்றார், டர்போ காருக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. போர்ஷே 1978இல் 935/78 காருக்கு, ஒவ்வொரு ஹெட்டையும் அதன் சிலிண்டரோடு எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்துவிட்டது. அதே வழியில் வந்த இன்ஜின்தான் 956 காரில் உட்கார்ந்து 1982இல் லெ மான் பந்தயத்தை ஜெயித்தது.

ஆனால் ஆஃபன்ஹவுஸரில் ஒரு வால்வைச் சீர்செய்ய வேண்டுமானால் அடியிலிருந்து, சிலிண்டர் குழாய் வழியாகக் கருவியை நுழைத்துத்தான் செய்ய வேண்டும். பந்தயக் குழுவுக்கு அது கட்டுப்படியாகும். நம்முடைய பட்டறைக்கு ஆகாது. என்றைக்காவது ஒருநாள் ஒரு மெக்கானிக் இந்த இன்ஜினைத் திறக்க வேண்டியிருக்கும் என்று தொழிற்சாலையிலேயே யாரோ நினைத்துவைத்ததால்தான் நம் கார்களில் ஹெட் கேஸ்கட் இருக்கிறது. திறக்கவும் வேண்டும், திறக்கும்வரை ஐந்து டன்னுக்கு அசையவும் கூடாது. அந்த இரண்டு நிபந்தனைக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் பதில் சொன்னவர்களை நான் கெட்டிக்காரர்கள் வரிசையில் முதலில் வைப்பேன்.

உங்கள் டர்போ காரின் ஹெட்டை இறக்கும் நாள் வந்தால், மெக்கானிக் அண்ணனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஃபேசிங் எங்கே போடுகிறீர்கள், கோணம் அளக்கும் கருவி இருக்கிறதா, போல்ட் புதுசுதானே? கூலி, ஆயில், கூலண்ட் எதில் வேண்டுமானாலும் பேரம் பேசிக்கொள்ளுங்கள். புதுப் போல்ட் பில்லில் மட்டும் பேசாதீர்கள்.